அப்பா நம்பர்

ஆகஸ்ட் 17, ஞாயிறு

இந்த விடுதி பெண்களை நம்புவதில்லை. பெண்களைப் பெற்ற பெண்களையும் நம்புவதில்லை.

காலையில் அலுவலக மேசைக்கு முன்னால் அம்மா தன் போனை நீட்டியபடி நின்றாள். "என் நம்பரையும் எழுதிக்கிடுங்கம்மா. பீடி சுத்தும்போது போன் பக்கத்துலயேதான் கெடக்கும். எப்பக் கூப்பிட்டாலும் எடுப்பேன்."

வார்டன் சாந்தாமணி மேடம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆப்புல ஒரு நம்பர்தானுங்க ஏறும். அப்பா நம்பர். அப்பா இல்லீனா ஆம்பள கார்டியன். போன மாசம் அட்மிஷன் அப்பவே ஏத்தியாச்சு. போங்க, ரூமைப் பாருங்க."

அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

எனக்கு அப்பா இருக்கிறார். திருப்பூரில், வேறொரு குடும்பத்தோடு. அதனால் என் பெயருக்கு நேரே ஏறியிருப்பது தாய்மாமாவின் எண். சுரண்டையில் உரக்கடை வைத்திருக்கிறார். நான் இவ்வளவு தூரம் படிக்க வந்ததில் அவருக்குச் சம்மதம் இல்லை. "ஒரு வருசம் போயிட்டு வரட்டும்" என்றுதான் சொன்னார். இன்ஜினியரிங் நான்கு வருடம். ஏன் ஒரு வருடம் என்று அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் மகன் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறான்.

வெளியே போக வேண்டுமென்றால் போனில் இருக்கும் விடுதி ஆப்பில் காரணம் எழுதி விண்ணப்பிக்க வேண்டும். பதிவான எண்ணுக்கு ஓடிபி போகும். அந்த எண்ணிலிருந்தே அவர் வார்டனை அழைத்து அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் கேட் திறக்கும். எனக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஓட்டுப் போடலாம்.

அறை இரண்டாவது மாடியில். மூன்று இரும்புக் கட்டில், ஒரு மின்விசிறி, ஒரே ஒரு பிளக் பாயின்ட். கல்லூரி கொண்டுவரச் சொன்ன வாளி, மக், பூட்டு, கொசுவலை எல்லாம் கொண்டுவந்தேன். அவர்கள் சொல்லாதவைதான் தேவைப்படுகின்றன. குளியலறைக் கதவில் உள்தாழ்ப்பாள் கிடையாது, கட்டுவதற்குக் கயிறு வேண்டும். ஜன்னலில் ஒரு கண்ணாடி இல்லை, அடைக்க அட்டை வேண்டும். தண்ணீர் வரும் நேரத்துக்கு எழுப்ப ஒரு ஆள் வேண்டும்.

அறையில் என்னோடு இரண்டு பேர். பவதாரணி கோபியிலிருந்து காரில் வந்தாள். மெத்தை, மேசை விசிறி, முறுக்கு டின். அவள் அப்பா ஒவ்வொரு சுவிட்சையும் போட்டுப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொருத்தி ஜெபிஷா. கன்னியாகுமரி மாவட்டம், தூத்தூர்ப் பக்கம் கடற்கரை. தனியாக பஸ்ஸில் வந்திருக்கிறாள். என் வாளியைப் பார்த்ததும் அவள் பேசிய முதல் வார்த்தை: "பிள்ளே, இது நீ குளிக்கதுக்கா, இல்ல மாடு தண்ணி குடிக்கதுக்கா?"

அம்மா பஸ் ஏறிய பிறகு கேட்டைச் சாத்தும் சத்தம் கேட்டது. பகலிலேயே பூட்டுகிறார்கள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

பைகளைச் சோதித்தார்கள். ஜெபிஷாவின் அம்மா கொடுத்துவிட்ட நெத்திலிக் கருவாட்டுப் பொடி டப்பாவை வார்டன் மேடம் எடுத்துக்கொண்டார். "ரூமுக்குள்ள இந்த வாசமெல்லாம் ஆகாது கண்ணு. மத்தவங்க எப்படிச் சோறு திங்கறது?" ஞாயிற்றுக்கிழமை மெஸ்ஸில் கோழி போடுகிறார்கள். கோழிக்கு வாசம் கிடையாது போலிருக்கிறது.

"போட்டும்," என்றாள் ஜெபிஷா. "அவங்க ரகசியமாத் தின்னுட்டு இன்னும் வேணும்னு கேப்பாங்க, பாரு."

ஆகஸ்ட் 20, புதன்

நாப்கின் வாங்க வேண்டும். கடை கேட்டுக்கு எதிரே, சாலையைத் தாண்டினால் போதும். ஆப்பில் 'காரணம்' என்று ஒரு கட்டம். நான் எழுதுவது மாமாவின் போனில் அப்படியே தெரியும். 'ரெக்கார்டு நோட்டு' என்று எழுதினேன்.

மாமா வார்டனை அழைப்பதற்கு முன் என்னை அழைத்தார். "போன வாரந்தான நோட்டு எல்லாம் வாங்கித் தந்தேன். அதுக்குள்ள என்ன நோட்டு? கடையில பையன் எவனும் நிக்கானா?" அவருடைய உரக்கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்கும்படிதான் கேட்டார்.

ஓடிபி தரவில்லை. பவதாரணி தன்னிடம் இருந்ததைக் கொடுத்தாள். "எங்கப்பாகிட்டச் சொல்லி இன்னொரு பாக்கெட் வாங்கிக்கறேன். அவரே கொண்டாந்து குடுப்பாரு," என்றாள். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். அப்படி ஒரு அப்பா இருப்பது அவளுக்குச் சாதாரணம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

துணி துவைக்கும் இடத்தில் மூன்றாம் வருட அக்கா ஒருத்தி. ஹாஸ்டலுக்கு இன்னும் என்னென்ன வாங்கணும் என்று ஜெபிஷா கேட்டாள். அந்த அக்கா சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "வாளி, பூட்டு, கயிறு, போனை எடுக்கற அப்பா. மத்ததெல்லாம் சமாளிச்சுக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். ஜெபிஷாதான் அதிகம் சிரித்தாள். மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் கேட்டாள்: "எனக்க அப்பா எங்க இருக்காருன்னு தெரியுமா உனக்கு?"

கடலில் இருக்கிறார். ஆழ்கடல் விசைப்படகு. கொச்சியிலிருந்து கிளம்பினால் திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். கரை மறைந்ததும் போன் செத்துவிடும். படகில் இருக்கும் வயர்லெஸ்ஸில் பக்கத்துப் படகோடு பேசலாம், அவ்வளவுதான். ஜூலையில் அவர்கள் பக்கம் மீன்பிடித் தடைக்காலம். அப்பா வீட்டில் சும்மா இருந்தார். மகளைச் சேர்க்க வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து, கிளார்க் கேட்டதும் தன் எண்ணைக் கடகடவென்று சொன்னார். அங்கேயே ஓடிபி வந்தது. அங்கேயே படித்துக் காட்டினார். தடை முடிந்த மறுநாள் கடலுக்குப் போய்விட்டார்.

"அம்மா நம்பருக்கு மாத்தச் சொல்ல வேண்டியதுதான?"

"கேட்டேனே. மாத்தணும்னா பழைய நம்பருக்கு ஓடிபி வருமாம். அப்பா அதைச் சொல்லணுமாம்." அவள் ஈரத் துப்பட்டாவை உதறினாள், என் முகத்தில் தண்ணீர் தெறித்தது. "ஒருநாள் சுறா ஒண்ணு கரைக்கு வந்து ஓடிபி சொல்லும். அப்ப நான் வெளிய போவேன்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடியிலிருந்து பார்த்தால் கேட் முழுதாகத் தெரிகிறது. இரண்டு ஆள் உயரம், மேலே ஈட்டிமுனை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

அம்மா அழைத்தாள். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி விடுமுறை. மாடியில் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். மெஸ்ஸில் கொழுக்கட்டை. ஜெபிஷா தன்னுடையதையும் என்னுடையதையும் தின்றாள். "உங்க சாமிக்க பலகாரம் கொள்ளாம்," என்றாள். நன்றாக இருக்கிறதாம்.

குளியலறைக் கதவுக் கயிற்றை ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி குளிக்கிறோம். வராண்டா முழுக்கக் காலி. அவள் குளிக்கும்போது சத்தமாக மாதா கோயில் பாட்டுப் பாடினாள். அவள் பாடும்வரை எனக்குப் பயமில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

சாயங்காலம் வகுப்பிலிருந்து வந்ததும் ஜெபிஷா வாந்தி எடுத்தாள். தொப்புளைச் சுற்றி வலி என்றாள். மெஸ்ஸில் மத்தியானம் போட்ட காளான் காரணம் என்றாள் பவதாரணி. நானும் அதே காளானைத்தான் தின்றேன்.

வார்டன் மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனோம். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கேட்டார்: "ஃபர்ஸ்ட் இயரா? வந்து ரெண்டு வாரமாச்சா? அப்ப வயித்துவலி வந்துதானே ஆகணும்."

"இல்ல மேடம், நெசமாட்டே நோவுது," என்றாள் ஜெபிஷா.

"எனக்கும் நெசமாலுமே தெரியும் கண்ணு. இருவது வருசமா பாக்கறேன். வெள்ளிக்கெழமை சாயந்திரம் வலிக்கும், பஸ் ஏறுனதும் நின்னுபோயிரும்." இழுப்பறையிலிருந்து பாராசிட்டமால் அட்டையைக் கத்தரித்து இரண்டு கொடுத்தார். "மோர் குடி. தலைக்குக் குளிக்காத. சூட்டு வலிதான்."

மருத்துவமனைக்குப் போகலாமா என்று நான் கேட்டேன். "போலாமே. அவங்கப்பாவைப் பேசச் சொல்லு."

ஆகஸ்ட் 30, சனி

வலி வலது பக்கம் கீழே இறங்கிவிட்டது. காலை நீட்ட முடியவில்லை, முழங்காலை மடக்கியே படுத்திருக்கிறாள். கஞ்சி கொடுத்தேன், வயிற்றில் நிற்கவில்லை.

பவதாரணி பத்து மணிக்கு ஊருக்குப் போனாள். அத்தை மகளுக்குக் காது குத்து. முதல் மணியிலேயே அவள் அப்பா எடுத்தார், ஓடிபி சொன்னார், கார் வந்தது. போகும்போது முறுக்கு டின்னை என் கட்டிலில் வைத்துவிட்டு, "பாத்துக்கோ இசக்கி. எதாச்சும்னா எனக்குக் கூப்பிடு," என்றாள். கூப்பிட்டால் என்ன செய்வாள் என்று அவளுக்கும் தெரியாது.

ஜெபிஷாவின் அம்மா ஒரு மணிக்கு ஒரு தடவை அழைக்கிறார். வார்டனையும் அழைத்திருக்கிறார். நான் மேசைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன். போனுக்குள் இருந்து அழுகை கேட்டது. மேடம் பொறுமையாகத்தான் பேசினார். "நீங்க அம்மாதான்னு எனக்கு எப்படிங்க தெரியும்? யாரு வேணா அம்மான்னு பேசலாம். நாளைக்கு எதாவது ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?... பதிவான நம்பர்ல இருந்து பேசச் சொல்லுங்க... கடல்ல இருந்தா நான் என்னங்க பண்ணட்டும்?"

போனை வைத்துவிட்டு என்னிடம், "ஓடிப்போறதுக்கு இப்படித்தான் ஒருத்தி போன வருசம் அம்மா கொரல்ல ஆளு வெச்சுப் பேசுனா," என்றார். 'ஓடிப்போறது' என்ற சொல்லை அவர் மெதுவாகச் சொன்னார்.

மத்தியானம் ஜெபிஷா கேட்டாள்: "உனக்க மாமாட்டச் சொல்லி நீ ஓடிபி வாங்கேன். நீ வெளிய போனா ஒரு டாக்டரக் கேட்டுட்டாவது வரலாம். இல்லேன்னா மாமாவ வார்டன்ட்டப் பேசச் சொல்லு. ஆம்பள பேசினா கேப்பாங்க."

சனிக்கிழமை உரக்கடையில் கூட்டம் அதிகம் இருக்கும். மாமாவுக்குப் போனை எடுக்க நேரம் இருக்காது. அதை அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

கெமிஸ்ட்ரி ரெக்கார்டு இரண்டு பக்கம் எழுதினேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காலை. உடம்பு கொதிக்கிறது. என்னுடைய பெரிய வாளியில் தண்ணீர் கொண்டுவந்து துணி நனைத்துப் போட்டேன். வார்டன் மேடம் மாடிக்கு வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "காச்சல் இருக்குதே," என்றார். ஒரு நிமிடம் நின்றார். அவருக்கும் பயம் வந்தது போலத்தான் இருந்தது. கீழே போய்க் கல்லூரிச் சேர்மன் வீட்டுக்கோ வேறெங்கோ போன் போட்டார். திரும்பி வரவில்லை. மெஸ் அக்காவிடம் ரசம் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் ஒரு நல்லது நடந்தது. ஜெபிஷாவுக்கு வலி சட்டென்று நின்றுவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் முகம் தளர்ந்து, "போச்சு பிள்ளே. நெசமாட்டே போச்சு," என்றாள். நான் கீழே ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். "நான்தான் சொன்னேனே," என்றார். அவர் முகமும் தளர்ந்தது. மூன்று மணிக்கு வீட்டுக்குக் கிளம்பிப் போனார். ஞாயிற்றுக்கிழமை அவர் தங்குவதில்லை.

கோழிக்குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். தூங்கினேன்.

சாயங்காலம். எழுந்து பார்த்தால் அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு நடுங்குகிறாள். வலி இல்லை என்கிறாள். வயிறு பலகை மாதிரி இருக்கிறது. தொட்டதும் என் கையைத் தட்டிவிட்டாள். நாக்கு வெள்ளையாக, ஒட்டிப்போய் இருக்கிறது.

வார்டன் மேடத்துக்குப் போன் போட்டேன். பின்னால் டிவி சத்தம். 108-ஐக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

"வலி நின்னுபோச்சுன்னு நீதானே சொன்ன? ஆம்புலன்ஸு வந்து கேட்ல நின்னா நாளைக்குப் பேப்பர்ல வரும். காலைல நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நீ பாட்டுக்குக் கூப்பிட்டுப் பெருசு பண்ணுனீன்னா மொதப் போன் உன்ற மாமனுக்குத்தான் போடுவேன். பசங்களோட சேந்து கலாட்டா பண்றான்னு சொல்லுவேன். கூட்டிட்டுப் போயிருவாரு. படிக்கணுமா வேண்டாமா நீயி?"

படிக்கணும் மேடம் என்றேன்.

போனை வைத்தேன். காலையில் மேடம் வருவதாகச் சொல்கிறார் என்று ஜெபிஷாவிடம் சொன்னேன். அவள் தலையசைத்தாள். அவள் அம்மா அழைத்தார், எடுத்து, தூங்குகிறாள் என்றேன். "தூங்கட்டும் மக்ளே, எழுப்பாத," என்றார் அந்த அம்மா.

ரெக்கார்டு முடித்துவிட்டேன்.

செப்டம்பர் 1, திங்கள்

அரசு மருத்துவமனை. அறுவை அரங்குக்கு வெளியே உட்கார்ந்து எழுதுகிறேன். பைக்குள் இந்த நோட்டு எப்படி வந்தது என்று தெரியவில்லை.

விடிந்ததும் அவளை எழுப்பினேன். கண் திறந்தாள், ஆனால் என்னைப் பார்க்கவில்லை. உதடு சாம்பல் நிறம். ஓடி வந்தவள் மாதிரி மூச்சு வாங்குகிறாள். "அப்பா வந்தாச்சா?" என்று கேட்டாள். வந்துகொண்டிருக்கிறார் என்றேன். மேடம் ஒன்பது மணிக்குத்தான் வருவார்.

108 வந்தாலும் கேட் திறந்தால்தான் உள்ளே வர முடியும். கீழே கேட்டுக்கு ஓடினேன். காவலாளி மாரப்பன் தாத்தா பல் துலக்கிக்கொண்டிருந்தார். "தாத்தா, கேட்டைத் தொறங்க. அவ செத்துருவா."

அவர் வாயைக் கொப்புளித்துவிட்டு என்னைப் பார்த்தார். "மேடம் சொல்லாமத் தொறந்தா என்னைய வூட்டுக்கு அனுப்பிருவாங்க சாமி. ஒரு போனப் போடு மேடத்துக்கு."

போட்டேன். அணைத்து வைத்திருந்தார்.

அப்போது வெளியே ஹாரன் கேட்டது. மெஸ்ஸுக்குக் காய்கறி கொண்டுவரும் டெம்போ. மாரப்பன் தாத்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பூட்டைத் திறந்து இரண்டு கதவையும் விரியத் தள்ளினார். முட்டைக்கோசு மூட்டைகள் உள்ளே வந்தன. முட்டைக்கோசுக்கு யாரும் ஓடிபி கேட்கவில்லை.

நான் மாடிக்கு ஓடினேன். எதிர் அறைக் கதவையும் அதற்கடுத்த கதவையும் தட்டினேன். பெயர் தெரியாத நான்கு பேர் எழுந்து வந்தார்கள். ஒருத்தி மட்டும், "வார்டனுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். கேட்டபடியே அவளும் போர்வையின் ஒரு முனையைப் பிடித்தாள். போர்வையோடு தூக்கிப் படியிறங்கினோம். ஜெபிஷா பாரமே இல்லை.

டெம்போக்காரர் கடைசி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மூட்டையை அப்படியே கீழே போட்டார். "என்ன பாப்பா இது?"

"ஆஸ்பத்திரி," என்றேன்.

"சாக்கை விரிங்க. என்ற சீட்டுப் பக்கம் தலை வரட்டும். ஆடாம வெய்யுங்க."

மாரப்பன் தாத்தா கேட்டின் நடுவில் வந்து நின்றார். கையில் பூட்டு. நான் வண்டியில் ஏறி ஜெபிஷாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். "ஏனுங் தாத்தா," என்றார் டெம்போக்காரர், "தள்ளிக்கறீங்களா, நான் எறங்கி வரட்டுமா?" தாத்தா ஜெபிஷாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு ஓரமாக நகர்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டார். பார்க்கவில்லை என்று சொல்வதற்காக இருக்கும்.

வழி முழுக்கக் கோசு இலை வாசம். அவளுடைய அம்மா மூன்று முறை அழைத்தார். எடுக்கக் கை வரவில்லை.

இங்கே டாக்டர் சின்ன வயதுப் பெண். வயிற்றை ஒரு விரலால் தொட்டதுமே ஸ்ட்ரெச்சரைத் தள்ளச் சொன்னார். "குடல்வால். வெடிச்சுப் பல மணி நேரம் ஆயிருக்கு. வலி நடுவுல சட்டுனு நின்னுச்சா?"

நின்றது என்றேன்.

"எப்ப?"

நேற்று மத்தியானம் என்றேன்.

"அப்பத்தான் வெடிச்சிருக்கு. நேத்தே ஏன் கொண்டுவரல?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. "வீட்டுல யார்கிட்டயாவது சம்மதம் வாங்கணும். போன் போடு."

போட்டேன். டாக்டர் என் போனை வாங்கினார். "பொண்ணோட அம்மாங்களா? உடனே ஆபரேஷன் பண்ணணும்மா. ஆபத்தான நிலைமை. பண்ணட்டுமா?" அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று கேட்கவில்லை. "சரிம்மா, கெளம்பி வாங்க," என்று போனை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனார். அவ்வளவுதான். அப்பா எங்கே என்று கேட்கவே இல்லை.

செப்டம்பர் 2, செவ்வாய்

உயிர் இருக்கிறது. ஐசியூ. மூச்சுக்குக் குழாய். விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டதாம், இன்னும் இரண்டு நாள் போனால்தான் எதுவும் சொல்ல முடியும் என்கிறார்கள்.

அவள் அம்மா காலையில் வந்தார். கழுத்தில் ஜெபமாலை, கையில் ஒரு துணிப்பை. அழவில்லை. என் கன்னத்தைத் தடவி, "நீ தின்னியா மக்ளே?" என்று கேட்டார். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. கழிப்பறைக்குப் போய் நின்றேன்.

கோயில் பாதிரியார் மூலம் படகுக்காரர்கள் சங்கத்துக்குச் சொல்லியிருக்கிறார்களாம். கரைக்குப் பக்கத்தில் இருக்கும் படகு அடுத்த படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லும், அது அடுத்ததற்கு. ஜெபிஷாவின் அப்பாவுக்குச் செய்தி எப்போது போகும் என்று தெரியாது. "மக சுகமில்லைன்னு மட்டும் சொல்லச் சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "மிச்சத்தக் கேட்டா கடல்ல குதிச்சு நீந்தி வந்துருவாரு."

கல்லூரியிலிருந்து யாரும் வரவில்லை. எனக்கு மட்டும் வார்டன் எண்ணிலிருந்து ஒரு செய்தி: நாளைக் காலை பத்து மணி, முதல்வர் அறை. கார்டியனுக்குத் தகவல் சொல்லப்பட்டுள்ளது.

அம்மாவுக்குப் போன் செய்தேன். "மாமா விடியக்காலையிலேயே கெளம்பிட்டாவ," என்றாள். "என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னேன். உனக்கென்ன சோலி அங்கன்னுட்டாவ. ஏட்டி, நீ என்ன செஞ்ச?"

நான் என்ன செய்தேன்.

செப்டம்பர் 3, புதன்

முதல்வர் அறையில் ஏசி. எனக்கு முன்பே மாமா வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இஸ்திரி போட்ட சட்டை, மேல்பையில் போன். அந்தப் போன்தான். வார்டன் மேடம் சுவரோரம் நின்றார். கண் வீங்கியிருந்தது. அவரையும் இரண்டு நாளாக யாரோ அதட்டியிருக்க வேண்டும்.

எனக்கு நாற்காலி இல்லை.

முதல்வர் கோபப்படவில்லை. "உன்ன யாரும் திட்டப்போறதில்லம்மா. நல்ல மனசுலதான் பண்ணியிருக்க. ஆனா அனுமதியில்லாம ஒரு பொண்ண, அதுவும் காய்கறி வண்டில, யாருன்னே தெரியாத டிரைவரோட கொண்டுபோயிருக்க. வழில எதாவது ஆயிருந்தா? அதனால ஒரு விளக்கம் மட்டும் எழுதிக் குடுத்துரு. டைப் பண்ணியே வெச்சிருக்கோம்."

தாளை என் பக்கம் தள்ளினார். படித்தேன். என் அறைத்தோழி ஜெபிஷா தன் வயிற்றுவலியை விடுதி நிர்வாகத்திடம் கடைசிவரை மறைத்துவிட்டாள். எனக்கும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை நான் பயந்துபோய் யாருக்கும் தகவல் தராமல் அவளை வெளியே கொண்டுசென்றேன். விடுதி நிர்வாகம் எப்போதும் எங்கள் நலனில் அக்கறையுடன் நடந்துகொண்டது. கீழே என் பெயர், 'இசக்கிச்செல்வி', எழுத்துப் பிழையில்லாமல்.

"போட்டுக் குடுத்துட்டு வாட்டி," என்றார் மாமா. "பெட்டியக் கட்டு. வீட்டுக்குப் போவோம். போதும் படிச்சது."

"அப்படியில்லைங்க," என்றார் முதல்வர். "கையெழுத்துப் போட்டா தாராளமா இங்கயே படிக்கட்டும். நாங்க அதெல்லாம் மனசுல வெச்சுக்க மாட்டோம். போடலன்னாதான் நீங்க கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும்."

மாமா என்னைப் பார்க்கவில்லை. அவருக்கு எதுவானாலும் சரி. நான் போடாவிட்டால் இன்று பஸ் ஏறுவேன். போட்டால் ஒரு வருடம் கழித்து.

பேனாவை எடுத்தேன். சனிக்கிழமை மத்தியானம் அவள் என்னிடம் கேட்டது அந்தத் தாளில் எங்கேயும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போட்ட போனும் இல்லை. கையெழுத்துப் போட்டால் அவை இரண்டும் இல்லாமலே போய்விடும். எனக்கும் அது வசதிதான்.

ஏசி மிகவும் குளிர்.

பேனாவை வைத்தேன். "மேடம், ஞாயித்துக்கெழம சாயங்காலம் நான் உங்களுக்குப் போன் பண்ணினேன்," என்றேன். மேடம் தரையைப் பார்த்தார்.

முதல்வர், "அதெல்லாம் இப்ப எதுக்கும்மா," என்றார்.

"ஜெபிஷாவோட அம்மா ஐசியூ வாசல்ல உக்காந்திருக்காங்க சார். இத அவங்ககிட்ட வாசிச்சுக் காட்டணும். நான் வாசிக்க மாட்டேன். உங்கள்ல ஒருத்தர் வாசிக்கணும். ஒங்க மக மறைச்சுட்டான்னு அவங்க மொகத்தப் பாத்து ஒருத்தர் சொல்லணும். சொல்லிட்டு வாங்க, நான் கையெழுத்துப் போடுதேன்."

"கொழுப்பப் பாத்தியளா சார்," என்றார் மாமா, மன்னிப்புக் கேட்கிற குரலில்.

முதல்வர் மேசையிலிருந்த, அடிக்காத போனை எடுத்து அதில் ஏதோ தேடினார். மேடம் புடவைத் தலைப்பின் நுனியை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். வெளியே அலுவலகத்தில் யாரோ புது மாணவி ஒருத்தியின் பெயரைக் கேட்டு, அப்பா நம்பர் சொல்லும்மா என்றார்கள்.

"ஆஸ்பத்திரிக்குப் பஸ்ஸு இருக்கு சார், இருபது நிமிசந்தான்," என்றேன். "யாரு வாறீங்க?"